டெர்ராவை ஏன் மாற்றினார்கள்? சித்திரக்கதை அனிமேஷன் தொடராகும்போது

தேவகோட்டையிலிருந்து கேள்வி கேட்டிருக்கும் நண்பருக்கு வணக்கம். நீங்கள் எழுதியதன் சாரம் இது: தங்கையோடு உட்கார்ந்து, பதின்வயது சூப்பர்ஹீரோக் குழு ஒன்றின் கதையான ‘டீன் டைட்டன்ஸ்’ அனிமேஷன் தொடரைப் பார்த்து முடித்தீர்கள், அதில் மண்ணையும் பாறையையும் ஆட்டிவைக்கும் ஆற்றல் கொண்ட டெர்ரா என்ற சிறுபெண் கல்லாய்ச் சமைந்து நின்றபோது இருவருமே அழுதீர்கள், பிறகு அதன் மூலமான ‘த ஜூடாஸ் காண்ட்ராக்ட்’ தொகுப்பை வாங்கிப் படித்தால், அங்கே இருப்பவள் இரக்கத்துக்கு இடமே தராத வேறொருத்தி. இது மூலத்துக்குச் செய்த துரோகம் இல்லையா, இரண்டில் எது உண்மையான டெர்ரா என்று கேட்கிறீர்கள். பன்னிரண்டு வயதுத் தங்கையிடம் அந்த நூலைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். டெர்ராவின் பெயரை எடுத்துவிட்டுப் பார்த்தால் கேள்வியின் உள்ளே இருப்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது: ஒரு கதையைத் தாளிலிருந்து திரைக்குக் கொண்டுபோகிறவர் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது, அதை நாம் எதைக் கொண்டு அளப்பது?

நான் சென்னையில் பதினான்கு ஆண்டுகள் வெளிநாட்டுத் தொடர்களுக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளைக் கட்டம் கட்டமாகத் திட்டமிடும் படங்கள், வரையும் வேலையில் இருந்தேன். இப்போது காரைக்குடிக்குத் திரும்பி, மாணவர்களுக்கு அதையே சொல்லிக்கொடுக்கிறேன். கீழே பேசப்போகிற தொடர்கள் எதிலும் நான் வேலை பார்த்ததில்லை. ஆகையால் தாளில் என்ன இருக்கிறது, திரையில் என்ன இருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். ஏன் மாற்றினார்கள் என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் தொழில் அனுபவத்தை வைத்து ஊகிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் முதல் வாரமே ஒரு பயிற்சி தருவேன். பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸ் ஒன்றின் பக்கத்தைக் கொடுத்து, அதை அப்படியே ஸ்டோரிபோர்டாக்கச் சொல்வேன். பக்கத்தில் ஆறு கட்டங்கள் இருக்கும். மூன்றாவது கட்டத்தில் நாயகன் இரண்டாம் மாடியிலிருந்து குதித்தபடியே எதிரியிடம் நான்கு வாக்கியம் பேசுவான். ஒரு மாணவரை அந்த வசனத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கைபேசியில் நேரம் பார்ப்போம். பதினோரு வினாடி வரும். இரண்டாம் மாடியிலிருந்து குதிக்கிறவனுக்கோ ஒன்றரை வினாடிக்குள் தரை வந்துவிடும். தாளில் இது யாரையும் உறுத்துவதில்லை, ஏனென்றால் கட்டத்துக்குள் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை வாசகரே தீர்மானிக்கிறார். திரையில் அந்த நேரத்தை நாங்கள் வினாடிக்கு 24 ஃப்ரேம் என்று கணக்கிட்டு அடைத்துவைக்க வேண்டும். எனவே வசனத்தை வெட்ட வேண்டும், அல்லது குதிக்கும் முன்பே பேசவைக்க வேண்டும். முன்பே பேசினால், பதற்றத்தோடு பாய்ந்தவன் நின்று நிதானித்துப் பேசுகிறவனாகிவிடுகிறான். ஒரு பேச்சுக்குமிழியை நகர்த்தியதிலேயே ஆளின் குணம் மாறிவிடுவதை மாணவர்கள் அன்றைக்கே பார்த்துவிடுவார்கள்.

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இது முற்றிலும் புதிய அனுபவமன்று. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த ‘இரும்புக்கை மாயாவி’, இங்கிலாந்தில் ‘வேலியண்ட்’ வார இதழில் வாரத்துக்குச் சில பக்கங்களாக வெளிவந்த தொடர்கதை. அடுத்த வாரமும் வாசகரை வரவழைக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு தவணையும் ஓர் ஆபத்தில் போய் நிற்கும். சிவகாசியில் அது ஒரே புத்தகமாக அச்சானபோது, சில பக்கங்களுக்கு ஒருமுறை மாயாவி சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். நாங்கள் அதையே கதையின் வேகம் என்று ரசித்தோம். ஒரு படத்தைக்கூட மாற்றாமல், அடைத்துவைத்த கலத்தை மாற்றியதாலேயே கதையின் நடை மாறியதற்கு அது நல்ல சான்று.

வரையும் கோடுகளையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 1991இல் ஜிம் லீ வரைந்த ‘எக்ஸ்-மென்’ முதல் இதழை எடுத்துப் பாருங்கள். தசையிலும் துணியிலும் எண்ண முடியாத நுண்கோடுகள். தாளில் ஒருமுறை வரைந்தால் போதும். அனிமேஷனில் அந்தத் தோள் திரும்பினால் அத்தனை கோடும் படத்துக்குப் படம் கூடவே திரும்ப வேண்டும். 1992 அக்டோபரில் தொடங்கிய எக்ஸ்-மென் தொடர், ஜிம் லீயின் உடைகளையும் வார்ப்பட்டைகளையும் கூடியவரை காப்பாற்ற முயன்றது. அதற்குக் கொடுத்த விலை அசைவில் தெரிகிறது. சண்டைக் காட்சிகளில் உருவங்கள் விறைத்துப்போய் நிற்கும். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பேட்மேன் தொடரில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான புரூஸ் டிம் எதிர்வழியில் போனார். உருவத்தை அகன்ற தாடை, தடித்த தோள், சில கோணங்கள், ஒரு பெரிய நிழல் என்று குறைத்தார். எரிக் ராடோம்ஸ்கி பின்னணிகளை வெள்ளைத் தாளில் வரையாமல் கறுப்புத் தாளில் வெளிச்சத்தை மட்டும் தீட்டி அமைத்தார். வரைகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பேட்மேன் இருட்டிலிருந்து வருகிறவன் என்ற எண்ணத்துக்கு அந்தக் கறுப்புத் தாளைவிட நேர்மையான வழி கிடையாது, மூலத்தின் ஒரு கோட்டையும் நகலெடுக்காவிட்டாலும்.

சூப்பர்மேன் பறப்பதே இப்படி வந்த ஒன்றுதான். 1938இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் அவர் பறக்கவில்லை. எட்டில் ஒரு மைல் தூரம் தாவுவார், இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டுவார். 1941இல் தொடங்கிய ஃபிளைஷர் ஸ்டுடியோவின் குறும்படங்களில் அந்தத் தாவல் பறத்தலாக நீண்டது. தாவித் தாவிப் போகும் மனிதரை அசைத்துப் பார்த்தால் வெட்டுக்கிளி போல இருக்கும் என்பது வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் வானொலித் தொடரும் காமிக்ஸும் அதே திசையில் நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஆகவே பெருமை முழுவதையும் அனிமேஷனுக்கே கொடுப்பது சரியாகாது.

தணிக்கை வேறு வகையானது, உங்கள் கேள்விக்கும் நெருக்கமானது. அமெரிக்கக் காமிக்ஸுக்கு 1954 முதல் ஒரு நெறிமுறைக் குழு இருந்தது. இரத்தக்காட்டேரிகளை அது தடைசெய்திருந்தது. 1971இல் அந்த விதி தளர்ந்தது. அதே ஆண்டில் ஸ்பைடர்மேன் கதையில் மார்பியஸ் என்ற இரத்தம் குடிக்கும் விஞ்ஞானி தோன்றினார். அதாவது விதி தளர்ந்ததால் பிறந்த பாத்திரம் அவர். 1994இல் தொடங்கிய ஸ்பைடர்மேன் தொடரில் அவரைக் கொண்டுவந்தபோது சிறுவர் தொலைக்காட்சியின் விதி மறுபடி குறுக்கே நின்றது. இரத்தம் என்பதற்குப் பதில் பிளாஸ்மா என்றார்கள். கழுத்தைக் கடிப்பதற்குப் பதில் உள்ளங்கையில் உறிஞ்சிகளை வைத்தார்கள். இந்த மாற்றம் எனக்கு ஒப்பவில்லை. கடிக்கும் கணத்தில் தன்னையே அருவருக்கும் மனிதன் என்பதுதான் மார்பியஸின் துயரம். வாயை எடுத்துவிட்டு அந்தத் துயர வசனங்களை மட்டும் அப்படியே விட்டுவைத்தால், பாத்திரம் எதற்காக வருந்துகிறது என்பது பார்ப்பவர் நெஞ்சில் இறங்குவதில்லை.

இதே கட்டுப்பாட்டுக்குள் எக்ஸ்-மென் தொடர் ‘டார்க் ஃபீனிக்ஸ்’ கதையைக் கையாண்ட விதம் வேறு. 1980இல் கிறிஸ் கிளேர்மான்ட்டும் ஜான் பர்னும் படைத்த மூலத்தில், எக்ஸ்-மென் குழுவைச் சேர்ந்த ஜீன் கிரே ஒரு விண்மீனை விழுங்க, அதைச் சுற்றிய கோளில் 500 கோடி உயிர்கள் அழிகின்றன. அவ்வளவு பெரிய கொலைக்குத் தண்டனை இல்லாமல் கதையை முடிக்கக் கூடாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் வற்புறுத்தினார். ஜீன் நிலவில் தன்னையே மாய்த்துக்கொள்கிறாள். தொலைக்காட்சித் தொடரில் அவள் விழுங்கும் விண்மீனைச் சுற்றி உயிர்கள் இல்லை. ஆகவே கடைசியில் அவள் சாகவும் வேண்டியதில்லை. தோழர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தங்கள் உயிராற்றலைக் கொடுத்து அவளை மீட்கிறார்கள். பற்றில் குறைத்த தொகையை வரவிலும் குறைத்து எழுதியிருக்கிறார்கள், பேரேடு நேராகிறது. தொகை சிறியதாகிப் போனது எனக்கு வருத்தம்தான், ஆனாலும் கணக்கில் பொய் இல்லை.

எதைக் கொண்டு அளப்பது என்று கேட்டேனே, அதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஸ்டுடியோவில் கற்றதன்று. காரைக்குடியில் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாவுக்குச் சிறுவயதில் என் அப்பா கைபிடித்து அழைத்துப்போவார். வான்மீகியிலிருந்து கம்பன் எங்கே விலகினான், ஏன் விலகினான் என்பதை மேடையில் மணிக்கணக்கில் பேசுவார்கள். வான்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பனில் அவன் அவளைத் தீண்டவில்லை. பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போகிறான். தமிழ் அவையின் மரியாதை உணர்வுக்காகச் செய்த மாற்றம் என்று அதை ஒருவர் ஒதுக்கிவிடலாம். ஆனால் கம்பன் அத்தோடு விடவில்லை. சீதையைக் கண்டு திரும்பிய அனுமன் இராமனிடம் சொல்லும்போது, உன் தம்பி புல்லால் கட்டிய அந்தத் தூய சாலையில்தான் அவள் இருக்கிறாள் என்கிறான். ஆரணிய காண்டத்தில் பெயர்த்த குடிசை சுந்தர காண்டம்வரை கூடவே வருகிறது. இலங்கையின் பொன்மாளிகைகளுக்கு நடுவே இலக்குவன் கைபட்ட புல்வேலை நிற்கிறது. ஒன்றை மாற்றினால், அந்த மாற்றம் போய்த் தொடும் இடங்களையெல்லாம் தேடிப்பிடித்து மாற்றினார்களா என்றே நான் எந்தத் தழுவலிலும் பார்ப்பேன்.

இனி டெர்ரா. எழுத்தாளர் மார்வ் வுல்ஃப்மேனும் ஓவியர் ஜார்ஜ் பெரேஸும் 1982இன் இறுதியில் அவளை அறிமுகம் செய்தார்கள். அவள் துரோகியாக இருந்து சாக வேண்டும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்ததை இருவரும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள், இதில் ஐயமில்லை. குழுவில் புதிதாகச் சேரும் சிறுபெண் என்றால் வாசகர் தாமாகவே அன்பு காட்டிவிடுவார் என்ற பழக்கத்தையே அவர்கள் பொறியாக வைத்தார்கள். பல மாதங்கள் கழித்து அவள் குழுவின் எதிரியான டெத்ஸ்ட்ரோக் என்ற கூலிக்கொலையாளியின் ஆள் என்று வாசகருக்கு மட்டும் தெரிகிறது. 1984இல்தான் குழுவினருக்குத் தெரிகிறது. கடைசியில் அவள் வெறுப்பின் உச்சத்தில் பாறைகளைத் தன் தலைமேலேயே இறக்கிக்கொண்டு சாகிறாள். அவளை அன்பால் திருத்த முடியும் என்று நம்பியவனுக்கு அந்தக் கதை எந்த ஆறுதலும் தருவதில்லை. எண்பதுகளின் சூப்பர்ஹீரோ காமிக்ஸில் அது பெரிய துணிச்சல்.

2004இல் ஒளிபரப்பான தொடரின் இரண்டாம் பருவத்தில், அவள் வரும் முதல் அத்தியாயத்திலேயே அடித்தளத்தை மாற்றிவிட்டார்கள். இந்த டெர்ராவுக்குத் தன் ஆற்றலை அடக்கத் தெரியாது. நல்லது செய்யப்போன இடமெல்லாம் நிலம் பிளந்து கேடாகிறது. ஆகையால் எங்கும் தங்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறாள். குழுவிலுள்ள பீஸ்ட் பாயிடம் மட்டும் அதை ஒப்புக்கொண்டு, யாரிடமும் சொல்லாதே என்று வாக்கு வாங்குகிறாள். குழுத்தலைவன் ராபின் தானாகவே அதைக் கண்டுபிடித்துப் பேசும்போது, பீஸ்ட் பாய்தான் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று எண்ணி ஓடிவிடுகிறாள். இந்த ஒரு மாற்றம் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். அடக்கத் தெரியாதவளுக்கு ஓர் ஆசான் தேவை; மூலத்தில் டெத்ஸ்ட்ரோக் என்று வருகிற ஸ்லேட் அந்த ஆசானாக வருகிறான். அவன் தந்த உடையைப் போட்டுக்கொள்கிறாள்; இறுதியில் அந்த உடை வழியாகவே அவள் கைகால்களை அவன் ஆட்டிவைக்கிறான். தன்னை அடக்கிக்கொள்ளக் கற்க வந்தவள் பிறனால் முழுக்க அடக்கப்படுகிறாள். அவள் அதை உடைத்துக்கொண்டு வெளிவரும் வேகத்தில் எரிமலை கிளம்புகிறது. அதைத் தணிக்கும்போது கல்லாகிறாள். அவளுடைய ஆற்றல் ஒரே ஒருமுறை முற்றிலும் அவள் சொற்படி கேட்ட இடம் அவள் உறைந்துபோகும் இடம்தான்.

‘பிட்ரேயல்’ என்ற அத்தியாயத்தில் ஒரு பரிமாற்றம் உண்டு; மாணவர்களுக்கு அதைப் பலமுறை போட்டுக் காட்டியிருக்கிறேன். எது நடந்தாலும் நண்பனாக இருப்பேன் என்று பீஸ்ட் பாய் முன்பே சொல்லியிருக்கிறான். துரோகம் வெளிப்பட்ட பிறகு டெர்ரா அந்த வாக்கை நினைவூட்டிக் கேட்கிறாள். அவன், ஸ்லேட் சொன்னது சரிதான், உனக்கு நண்பர்களே கிடையாது என்கிறான். மூலத்தில் துரோகம் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வருகிறது. இங்கே அன்பான பையனும் தன் வாக்கை உடைக்கிறான். அவளைக் கொஞ்சம் நல்லவளாக்கியதற்கு ஈடாக அவனைக் கொஞ்சம் குற்றவாளியாக்கியிருக்கிறார்கள், அதனால்தான் நீங்கள் இருவரும் அழுதீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே துரோகம் என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. இழப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். காரணம் சொல்ல முடியாத வெறுப்பு உலகில் உண்டு என்ற கசப்பான உண்மை தொடரில் காணாமல் போயிற்று. அதே நேரத்தில் மூலத்திலும் ஒரு பழுது உண்டு. அதை மறைக்கக் கூடாது. நடுவயதைத் தாண்டிய டெத்ஸ்ட்ரோக்குக்கும் பதின்வயது டெர்ராவுக்கும் உள்ள தகாத உறவை அந்த நூல் அவளுடைய கெட்ட குணத்தின் அடையாளமாகக் காட்டுகிறதே தவிர, அவளுக்கு இழைக்கப்பட்ட குற்றமாகப் போதிய அளவு பார்க்கவில்லை. தொடர் அந்த உறவை எடுத்துவிட்டு, ஒரு பெரியவன் ஒரு சிறுமியின் அச்சத்தை வளர்த்துத் தனக்கு அடிமையாக்குவதைக் காட்டியது. குழந்தைகளுக்கான கட்டுப்பாட்டுக்குள் நின்றுகொண்டு, மூலம் சொல்லத் தவறியதைச் சொல்லிவிட்டது.

இந்த மென்மை முழுவதும் ஒளிபரப்பு விதியால் வந்ததா, எழுதியவர்களின் விருப்பத்தால் வந்ததா என்பது ஊகத்துக்குரியது. ஸ்லேட் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு டெத்ஸ்ட்ரோக் என்ற பெயரை விட்டது விதியால்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. டெர்ராவின் மனத்தைப் பற்றி அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. 2017இல் சற்றே வளர்ந்தவர்களுக்காக இதே கதையை நேரடிக் காணொளிப் படமாக எடுத்தார்கள். சிறுவர் தொலைக்காட்சியின் கட்டு அதற்கு இல்லை, மூலத்தோடு நெருங்கியும் போகிறது. அங்கும் அவளுக்கு ஒரு கொடிய இளமைக்காலத்தைச் சேர்த்தே காட்டினார்கள். கட்டு அவிழ்ந்த பிறகும் காரணமில்லாத டெர்ராவுக்குத் திரும்பிப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை என்பதால், விருப்பத்தின் பங்கும் கணிசமானது என்று கருதுகிறேன்.

எது உண்மையான டெர்ரா என்ற கேள்விக்கு, காமிக்ஸே நல்ல பதில் வைத்திருக்கிறது. 1959இல் பேட்மேன் கதைகளில் மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் வந்த பனித்துப்பாக்கி வில்லனை யாரும் பொருட்படுத்தவில்லை. 1992 செப்டம்பரில் ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ என்ற அத்தியாயத்தில் எழுத்தாளர் பால் டினி, அவனுக்கு நோயுற்று உறைநிலையில் கிடக்கும் நோரா என்ற மனைவியைக் கொடுத்தார். அந்த எழுத்துக்கு எம்மி விருதும் கிடைத்தது. பிறகு காமிக்ஸே அந்த நோராவைத் தன் கதையாக எடுத்துக்கொண்டது. அதே மாதம் ஜோக்கரின் கையாளாக ஒரே அத்தியாயத்துக்கென்று எழுதப்பட்ட ஹார்லி குவின், 1993இல் அந்தத் தொடரைத் தழுவிய காமிக்ஸுக்கும் 1999இல் முதன்மைக் கதைவரிசைக்கும் போய்ச் சேர்ந்தாள். இன்றைக்கு அந்த இருவருக்கும் எது மூலம் என்று கேட்டால், 22 நிமிட அத்தியாயங்கள் என்றே சொல்ல வேண்டும். டெர்ரா விஷயத்தில் இரண்டும் அருகருகே நிற்கின்றன. எனக்கு 1984இன் டெர்ராவும் வேண்டும், 2004இன் டெர்ராவும் வேண்டும்.

மூலத்தை எழுதியவரே தொடரையும் எடுத்தால் மாற்றம் குறையும் என்று சிலர் நம்புகிறார்கள், அது சரியன்று. ‘இன்வின்சிபிள்’ காமிக்ஸை 2003இல் தொடங்கிய ராபர்ட் கிர்க்மேனே 2021இல் அதன் தொடரையும் முன்னின்று கொண்டுவந்தார். காமிக்ஸில் ஏழாவது இதழில் நாயகனின் தந்தை செய்யும் கூட்டக்கொலையைத் தொடரின் முதல் அத்தியாய முடிவுக்கே கொண்டுவந்துவிட்டார். அதனால் பருவம் முழுவதும் நமக்குத் தெரிந்த உண்மை மகனுக்கும் மனைவிக்கும் தெரியாமல் இருக்கிறது. மனைவி டெபி துப்புத் துலக்கும் பகுதிகளும் அதற்கேற்ப விரிந்தன. கம்பனின் குடிசை போலவே, முன்னால் நகர்த்திய ஒன்று பின்னால் வரும் பல காட்சிகளுக்குள் தொடர்கிறது.

தங்கைக்கு வருகிறேன். பன்னிரண்டு வயதில் ‘த ஜூடாஸ் காண்ட்ராக்ட்’ வேண்டாம் என்பது என் கருத்து. வன்முறையைவிட மேலே சொன்ன அந்த உறவே காரணம். பதினைந்து, பதினாறு வயதில் கொடுங்கள், நீங்களும் கூட இருந்து பேசுங்கள். அதுவரை அவள் காமிக்ஸ் வேண்டும் என்று கேட்டால், இந்தத் தொடரின் பாணியிலேயே 2004 முதல் 2008 வரை வெளிவந்த ‘டீன் டைட்டன்ஸ் கோ!’ இதழ்களைத் தேடிக் கொடுக்கலாம். 2013இல் அதே பெயரில் தொடங்கிய நகைச்சுவைத் தொடர் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். பின்னாளில் மூலத்தைக் கொடுக்கும்போது, டெர்ராவின் கடைசிக் கட்டங்களையும் குகைக்குள் அவள் கற்சிலையாய் நிற்கும் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் அவள் முகத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.